ரோடு என்று நான் எழுதிய வாய்க்கால்

போன ஞாயிற்றுக்கிழமை தலைக்குச் சாயம் போட உட்கார்ந்தேன். ஐம்பதைத் தொடப்போகிற வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். டப்பாவில் 'அம்மோனியா அறவே இல்லை' என்று பெரிதாகப் போட்டிருந்தது. கிண்ணத்தில் கலக்கியதும் மூக்கில் சுருக்கென்று ஏறியது. இல்லையாம்! அந்த வாடை எனக்கா தெரியாது? தரையில் சிந்தாமலிருக்கப் பழைய பேப்பர் ஒன்றை விரித்திருந்தேன். குனிந்து பார்த்தால் அதில் ஒரு செய்தி: வெள்ளம் தேங்கும் தாழ்வான இடங்களிலும் ஏரி, சதுப்பு நிலங்களின் ஓரத்திலும் வீடு கட்டுவதற்கான விதிகளைக் கடுமையாக்கப் போகிறார்களாம். வாடை ஒரு பக்கம், செய்தி ஒரு பக்கம். பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காதில் வழிந்த சாயத்தைத் துடைக்க மறந்து, மறுநாள் முழுக்க ஒரு காது மட்டும் இளமையாக இருந்தது.

அம்மோனியா பிரிண்ட் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. தொண்ணூறுகளின் நடுவில், ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பை முடித்த கையோடு, செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சர்வேயர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டு பிளான், மனைப் பிரிவு பிளான் எல்லாவற்றையும் டிரேசிங் தாளில் மையால் வரைய வேண்டும். வரைந்ததை மருந்து தடவிய மஞ்சள் தாளின் மேல் வைத்துக் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்து மொட்டைமாடி வெயிலில் காட்ட வேண்டும். பிறகு அந்த மஞ்சள் தாளைச் சுருட்டி, அடியில் அம்மோனியாக் கிண்ணம் வைத்த மரப்பெட்டிக்குள் நிறுத்தினால் கோடெல்லாம் ஊதாவாக எழுந்து வரும். பெட்டியைத் திறந்தால் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டும். "அழுதுகினே வேல செய்யற ஆபீஸ் செங்கல்பட்டுலயே நம்மளுது ஒண்ணுதான்" என்பார் ஹனீபா பாய்.

ஹனீபா பாய்தான் முதலாளி. கடலோரத்துக்காரர், கோவளம் பக்கம். லைசென்ஸ் வைத்திருந்த சர்வேயர். கோபம் வந்தால் இரும்பு ஸ்கேலால் மேசையைத் தட்டுவார். கீழே நாஸ்தா கடை. தட்டும் சத்தம் கேட்டால் டீ கேட்கிறார்கள் என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டு இரண்டு டீயை மேலே அனுப்பிவிடுவார். அதனால் பாய் கோபமாக இருந்த நாட்களில் எனக்கு டீக்குக் குறைவே இருந்ததில்லை. சேர்ந்த முதல் மாதத்தில் என் எழுத்தைப் பார்த்து, "அச்சடிச்ச மாரி கீது புள்ள" என்று ஒரு தடவை சொன்னார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஆறு மாதம் தலைகீழாக நின்றேன்.

ஆபீஸில் கட்டட விதிகள் அடங்கிய ஒரு புத்தகம் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தாலே எங்கள் ஆபீஸ் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். வீட்டைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும், மாடிப்படி எத்தனை அகலம் என்ற பக்கங்களெல்லாம் விரல் ரேகையும் டீக்கறையுமாகப் பழுத்துப் போயிருந்தன. நீர்நிலைக்கும் நீர்வழிக்கும் எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்ற பக்கம் மட்டும் கடையில் வாங்கிய அன்று இருந்த வெள்ளையோடு இருந்தது. யாரும் திருப்பவில்லை. எங்களைக் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பிளானில் தண்ணீர் இருந்தால்தானே அந்தப் பக்கம் தேவைப்படும்? பிளானில் தண்ணீர் இல்லாமல் பார்த்துக்கொள்ள எங்களிடம் மிக எளிய ஒரு பழக்கம் இருந்தது. இடம் பார்க்கச் சித்திரையில் மட்டுமே போவோம். மழைக்காலத்தில் சேற்றில் யார் இறங்குவது?

இப்படி ஒரு சித்திரையில் டில்லிபாபு வந்தார். நிலம் வாங்கி மனை போட்டு விற்பவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், வெள்ளை ஷூ. திருக்கழுக்குன்றம் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஓர் ஏரிக்குக் கீழே அவர் ஒரு நிலம் வாங்கியிருந்தார். கடலோர அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் குடும்பங்கள் குவார்ட்டர்ஸை விட்டுச் சொந்த வீடு தேட ஆரம்பித்திருந்த காலம் அது. தூத்துக்குடி, மதுரை, தென்காசி என்று எங்கெங்கோ பிறந்தவர்கள், பாதிப் பேருக்கு இந்தப் பக்கத்து ஊர்ப் பெயரே வாயில் நுழையாது. பிளானை நம்பித்தான் வாங்குவார்கள்.

நிலத்தின் புலப்படத்தை, அதாவது சர்வேயில் போட்ட அளவு வரைபடத்தை, டில்லிபாபு கொண்டுவந்தார். அது ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, அதற்கும் ஜெராக்ஸ் எடுத்தது. குறுக்கே ஜோடியாக இரண்டு கோடுகள் வளைந்து போயின. வண்டிப் பாதை என்றால் விட்டு விட்டுப் புள்ளிக் கோடாக இருக்கும், வாய்க்கால் என்றால் விடாமல் முழுக் கோடாக இருக்கும். ஐ.டி.ஐ.யில் முதல் மாதமே சொல்லிக் கொடுத்த பாடம். ஆனால் அத்தனை ஜெராக்ஸ் மெஷின்களுக்குள் போய் வந்ததில் முழுக் கோடு அங்கங்கே உடைந்து புள்ளிக் கோடாகியிருந்தது. பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடியதால் அதற்குத் தனி சர்வே நம்பரும் கிடையாது, பதிவேட்டில் தேடினாலும் வராது. வண்டிப் பாதை என்று நினைத்தேன்.

சந்தேகம் வந்ததா என்று கேட்டால், வந்தது. அதனால்தான் பாயோடு நானும் இடம் பார்க்கப் போனேன். சித்திரை வெயில், மண் வெடித்துக் கிடந்தது. ஜோடிக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் மணலாக ஒரு பாதை, அதில் மாட்டு வண்டித் தடம் அச்சாகப் பதிந்து கிடந்தது. எங்கள் கண்ணெதிரிலேயே வைக்கோல் ஏற்றிய ஒரு வண்டி அதில் ஆடி ஆடிப் போனது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? டில்லிபாபு கை தட்டினார். "ரோடு ரெடிமேடா கீது பாய்! நாம ஒண்ணும் பண்ண வேணாம்."

ஆபீஸுக்கு வந்து வரைய ஆரம்பித்தேன். அந்தப் பாதை ஓரிடத்தில் நன்றாக வளைந்து போனது. என் செட் ஸ்கொயருக்கு வளைவென்றால் ஆகாது. நேராக்கிவிட்டேன். இரு பக்கமும் மனைகளை வரிசையாக அடுக்கினேன். நடுவில், அச்சடித்த மாதிரி எழுத்தில், '20 அடி அகலச் சாலை' என்று எழுதி, பிரிண்டில் சாலைக்கு உண்டான காவி நிறத்தையும் பூசினேன். அனுமதி கொடுக்கும் ஆபீஸுக்குப் போன பிளான், போன வேகத்தில் முத்திரையோடு திரும்பி வந்தது. என்னுடைய முதல் லே-அவுட். அதில் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். "ரோடெல்லாம் நீயா போட்ட?" என்று அம்மா கேட்டாள். நான்தான் என்றேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு ஆபீஸ் படியில் தடதடவென்று சத்தம். முப்பத்தைந்து வயதிருக்கும், சேலையை இழுத்துச் செருகிய ஒரு பெண் வந்து நின்றாள். காலில் சேறு. பெயர் கன்னியம்மா என்பது பிறகு தெரிந்தது. டில்லிபாபுவின் மனைகளுக்குக் கீழே ஒரு ஏக்கர் கழனியைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைப்பவள். முத்திரை போட்ட பிளானின் பிரதி ஒன்று அவள் கையில் இருந்தது.

"இத்த வரைஞ்சது யாரு?"

பாய் வெளியே போயிருந்தார். நான்தான் என்று, கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"இன்னாம்மா, கண்ணு கிண்ணு தெரியுமா உனுக்கு? வாய்க்காலப் புட்சி ரோடுன்னு எய்தி வச்சிகீற? நேத்து லாரி வந்து கிராவல் கொட்டிட்டுப் போறான். கேட்டா, பிளானு காட்றான்."

"அங்க வண்டி போறதை நானே பாத்தேங்க" என்றேன்.

"சித்திரையில வண்டி போவும். ஐப்பசியில தண்ணி போவும். நீ ஐப்பசியில வந்தியா?"

ஏரி நிரம்பி வழிவதை எங்கள் பக்கம் 'கோடி போகிறது' என்பார்கள். கோடி போனால் அந்தத் தண்ணீர் வருவது இந்த வழியில்தான். அவள் கழனி நடவுக்கு அதைத்தான் நம்பியிருக்கிறது. காய்ந்த நாட்களில் மணல் கெட்டியாக இருப்பதால் வைக்கோல் வண்டிக்காரர்கள் அதற்குள்ளேயே இறங்கி ஓட்டுகிறார்கள். இதையெல்லாம் திட்டும் வார்த்தைகளுக்கு நடுநடுவே சொன்னாள். கடைசியாகச் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. "எங்க கயினி காஞ்சா நாங்க எங்கியாச்சும் கூலிக்குப் போறோம். அந்த வளைவுல ஒரு பொம்பள கடக்கால் போட அளந்துகினு கீது. கிராவல் ரோடு தண்ணிய மறிச்சிச்சின்னா, தண்ணி நேரா அது வூட்டுக்குள்ளதான் பூரும்."

அவள் போனதும் பீரோவைத் திறந்து புலப்படத்தை எடுத்தேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். உடைந்த புள்ளிகளுக்கு நடுவே மெல்லிய மிச்சக் கோடு இருந்தது. முழுக் கோடு. வளைவில் நான் நேராக்கிய இடத்தில் பதினொன்றாம் நம்பர் மனை உட்கார்ந்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குத் தோன்றியது அந்தக் குடும்பமோ கன்னியம்மாவோ அல்ல. பாய் என் எழுத்தை இனிமேல் புகழ மாட்டாரே என்பதுதான். பத்தொன்பது வயது.

பாயிடம் சொன்னதும் ஸ்கேல் மேசையில் விழுந்தது. கீழிருந்து டீ வந்தது. "தப்புன்னா சித்திரையில சொல்லணும் புள்ள. முத்திர குத்துனப்புறம் சொல்றியே! லைசென்ஸு போயிடும் எனக்கு." பிறகு குரலை இறக்கி, "யாருக்கும் தெரியாது, வுட்டுடு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார். எனக்கும் பயம்தான். ஆனால் அன்று எனக்குள் ஏதோ ஒன்று முறுக்கிக்கொண்டது. "நான் எழுதினதுங்க அது. நானே மாத்திட்டுத்தான் விடுவேன்" என்றேன். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஆறிப்போன இரண்டு டீயையும் நானே குடித்தேன்.

மறுநாள் காலையில் பாய் மேடு பள்ளம் அளக்கும் லெவல் கருவியைத் தூக்கி வண்டியில் வைத்தார். இருவரும் போய் அளந்தோம். கிராவல் கொட்டாத இடங்களில் என் ரோடு இரண்டு பக்கத்து நிலத்தையும்விட முழங்கால் ஆழம் பள்ளத்தில் கிடந்தது. எந்த ஊரில் ரோடு பள்ளத்தில் ஓடும்? சித்திரையிலும் அது பள்ளத்தில்தான் இருந்திருக்கிறது. வண்டியைப் பார்த்தோமே தவிர, பள்ளத்தைப் பார்க்கவில்லை. பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "நீயும் பாத்த, நானும் பாத்தேன். ரெண்டு பேரு பேரையும் போட்டு எய்து" என்றார். அந்த மனுஷனை எனக்கு நிஜமாகப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

எழுதினோம். ஆனால் பிளானுக்கு முத்திரை போட்ட ஆபீஸில் அதை வாங்க மாட்டேன் என்றார்கள். காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை தோறும் மனு வாங்குவார்கள். செங்கல்பட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். முதல் திங்கட்கிழமை என் மனுவைப் படித்த குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வர்றவன்லாம் நான் தப்பே பண்ணலன்னு மனு குடுக்கறான். நீ தப்பு பண்ணிட்டேன்னு குடுக்கற. இத்த எந்த ஃபைல்ல வெக்கிறது?" அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. இரண்டாவது திங்கட்கிழமை, இடத்தின் சொந்தக்காரர் கேட்கட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். டில்லிபாபு எங்கே கேட்கப் போகிறார்? விஷயம் காதுக்கு எட்டியதும் ஆபீஸுக்கு வந்து, "இன்னா தங்கச்சி, பேஜாரு பண்ற? ஆயிரம் வருசமா அங்க வண்டி போவுது" என்று கத்திவிட்டுப் போனார். வெள்ளை ஷூவில் இப்போது கிராவல் சிவப்பு.

விதி இருக்கிறது. வெள்ளையாக, கசங்காமல், முழுசாக இருக்கிறது. வாய்க்காலிலிருந்து தள்ளிக் கட்டு என்று அழகாகச் சொல்கிறது. ஆனால் காகிதத்தில் வாய்க்கால் இல்லை என்றால் அந்த விதி யாரைத் தடுக்கும்? காகிதத்தில் இருந்து வாய்க்காலை எடுத்தது நான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பத் திரும்ப இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். செங்கல்பட்டு வந்ததுகூடத் தெரியவில்லை.

பதினொன்றாம் நம்பர்க்காரர்களை நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். கணவருக்கு அணுமின் நிலையத்தில் வேலை. மனைவி மீனாட்சி அக்கா, தென்காசிக்காரர். ஆவணியில் நல்ல நாள் பார்த்து அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். நான் போனபோது கணவர் ஒரு ஓரமாகச் செங்கல்லை எண்ணிக்கொண்டிருக்க, அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு ஆட்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"பிளான்ல ரோடுன்னு போட்டிருக்கே. நீதானே போட்டே? இப்போ நீயே வந்து இல்லேங்கியே. எங்கள என்ன பொம்மைன்னு நெனச்சியா?"

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நான் தலையைக் குனிந்து நின்றேன். அந்த நேரம் பார்த்துக் கன்னியம்மா வந்தாள். அவள் குனிந்து நிற்கிற ஜாதி இல்லை. நேராகப் போய்த் தோண்டி வைத்திருந்த குழிக்குள் இறங்கினாள். அடியிலிருந்து ஒரு கை மண்ணை அள்ளி, "மொதல்ல இத்தப் பாரு, அப்பால இந்தப் பொண்ணத் திட்டு" என்று அக்காவிடம் நீட்டினாள்.

அக்கா வாங்கிப் பார்த்தார். விரலால் கிளறினார். பொடி மணல், நடுவே வெள்ளை வெள்ளையாக நத்தைக் கூடுகள். குடையைக் கீழே போட்டுவிட்டு அவரே குழிக்குள் இறங்கினார். இன்னொரு கை அள்ளினார்.

"இது வாய்க்கா மணலுல்லா" என்றார் மெதுவாக. "ஏங்க, இங்க வாங்க. நம்மூர்ல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே இது. வாய்க்காக் கரையிலயே பொறந்து வளந்துட்டு, இங்க வந்து வாய்க்காலுக்குள்ளயே வீடு கட்டப் பாத்திருக்கோம்லா!"

நான் அழுதுவிட்டேன். அம்மோனியாவைக் குற்றம் சொல்ல முடியாத அழுகை.

மூன்றாவது திங்கட்கிழமை நாங்கள் மூன்று பெண்களும் ஒரே பஸ்ஸில் காஞ்சிபுரம் போனோம். அக்கா கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. வரிசையில் நின்று அதிகாரியின் மேசைக்கு வந்ததும் அக்கா அதை அவர் முன்னால் வைத்தார். அவர் பலகாரம் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "அதெல்லாம் வாங்கறது இல்லம்மா" என்றார். "தொறந்து பாருங்க சார்" என்றார் அக்கா. உள்ளே மணலும் நத்தைக் கூடும். "எங்க வீட்டு ஹாலுக்கு அடியில எடுத்தது சார். எனக்கு அந்த மனை வேண்டாம். வாய்க்காலத் திருப்பிக் குடுத்திருங்க." அதிகாரி டப்பாவைப் பார்த்தார், மனுவைப் பார்த்தார். மனுவில் கன்னியம்மாவின் கைநாட்டு, அக்கா வீட்டுக்காரரின் கையெழுத்து, பாயின் லைசென்ஸ் முத்திரை, என் பெயர். "இந்த வாரமே இடத்தப் பாக்கச் சொல்றேன்" என்று எழுதினார். குமாஸ்தா அந்த மனுவுக்கென்றே ஒரு புது ஃபைல் போட்டார். டப்பாவை அக்கா மறக்காமல் திருப்பி வாங்கிக்கொண்டார்.

புரட்டாசி முதல் தூறலில் ஆட்கள் வந்து இடத்தைப் பார்த்தார்கள். கிராவலை அள்ளச் சொல்லி உத்தரவு வந்தது. வாய்க்காலுக்கு இரு பக்கமும் விதிப்படி இடம் விட்டுப் புது பிளான் கேட்டார்கள். டில்லிபாபுவுக்கு ஏழு மனை போனது. அக்காவுக்கு மேட்டுப் பக்கத்தில் வேறு மனை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதோடு டில்லிபாபு எங்கள் ஆபீஸ் படியேறவில்லை, ஏறுபவர்களையும் தடுத்தார். அந்த வருஷம் பாய் ஸ்கேலைத் தட்டவே இல்லை. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பழைய டிரேசிங் தாளை விரித்து, பாதி பிளேடால் மையைச் சுரண்டினேன். பிளேடு ஆழமாக இறங்கினால் தாள் கிழியும், மேலோட்டமாகப் போனால் மை போகாது. '20 அடி அகலச் சாலை' என்ற எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பொடியாக உதிர்ந்தன. அந்த இடத்தில் வளைவோடு வாய்க்காலை வரைந்தேன். வளைவு போடும் பிளாஸ்டிக் அச்சு எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வெறுங்கையால் போட்டேன். பிரிண்டில் நீலம் பூசினேன். விதிப் புத்தகத்தின் அந்த வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்து அளவெடுத்ததில் அதிலும் என் நீல விரல் ரேகை விழுந்தது.

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலையில் ஏரி கோடி போகிறது என்று கன்னியம்மா ஆள் அனுப்பினாள். பாயும் நானும் மாமல்லபுரம் பஸ்ஸில் போய் நடுவில் இறங்கி, சேற்றில் நடந்து போனோம். மழைக்காலத்தில் இடம் பார்க்க நாங்கள் போனது அதுதான் முதல் தடவை. பழுப்பு நிறத்தில், நுரையோடு, தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வளைவுக்கு வந்ததும் திரும்பி, அக்கா தோண்டிய பழைய குழிக்குள் இறங்கி நிறைத்துவிட்டு மேலே போனது. மீனாட்சி அக்கா குடைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தா போகுது பாரு என் அடுப்படி" என்றார். சிரித்தார், ஆனால் என் கையை விடவில்லை. கன்னியம்மா எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மண்வெட்டியோடு தண்ணீருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஐப்பசியில் ஒரு தடவை பார்க்காமல் எந்த லே-அவுட்டையும் வரைவதில்லை என்பது எங்கள் ஆபீஸ் வழக்கமானது. "அதுவரைக்கும் யாரு காத்துகினு இருப்பான்?" என்று பாதிப் பேர் வேறு ஆபீஸுக்குப் போனார்கள். போகட்டும் என்றார் பாய்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எல்லாம் வேகமெடுத்தது. பொத்தேரிப் பக்கம் ஹாஸ்டல் ஹாஸ்டலாக முளைத்தன, ஐ.டி. கம்பெனிக்காரர்கள் மனை கேட்டு வந்தார்கள். கம்ப்யூட்டரில் வரைய ஆரம்பித்தோம். அம்மோனியாப் பெட்டி விறகுக்குப் போனது. பாய் கண் சரியில்லை என்று ஆபீஸை மூடிவிட்டுக் கடலோரத்துக்கே போய்விட்டார். நான் சொந்தமாக உட்கார்ந்தேன். இன்றும் அதே பிழைப்புத்தான். மேட்டு மனையில் கட்டிய வீட்டில் மீனாட்சி அக்கா இருக்கிறார். வாய்க்காலை மூடிக் கார் நிறுத்த இடம் பண்ணலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் வருஷத்துக்கு ஒருவர் எழுந்திருப்பார். அக்கா எவர்சில்வர் டப்பாவோடு போய் முன் வரிசையில் உட்காருவார். தீர்மானம் அதோடு படுத்துவிடும். வாய்க்கால் நான் போட்ட வளைவோடு அப்படியே இருக்கிறது.

கன்னியம்மாவின் கழனியைத்தான் காப்பாற்ற முடியவில்லை. குத்தகை நிலம், சொந்தக்காரர் சென்னையிலிருந்து ஒரு நாள் வந்து விற்றுவிட்டுப் போய்விட்டார். வாங்கியவர்கள் வாய்க்கால் முடிகிற இடத்தில் காம்பவுண்டுச் சுவரை எழுப்பி, உள்ளே வரிசையாக வீடுகள் கட்டி, அவற்றுக்கு அடியில் கார் நிறுத்த நிலவறையும் போட்டார்கள். அவர்கள் பிளானை வாங்கிப் பார்த்தேன். வேறு யாரோ, எங்கேயோ உட்கார்ந்து, வாய்க்காலின் மிச்சத்துக்கு மேல் 'சாலை' என்று எழுதியிருந்தார்கள். மனு கொடுத்தேன். எத்தனை திங்கட்கிழமை என்று எண்ணவில்லை. சுவர் நிற்கிறது, நானும் விடவில்லை, போன மாதமும் ஒன்று கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கே முன்பு கதிர் முற்றும் பருவத்தில் குருவி விரட்டக் கன்னியம்மா தகர டப்பாவைத் தட்டும் சத்தம் மெயின் ரோடு வரைக்கும் கேட்கும். அந்தக் கழனி இல்லை. அதன் வரப்பு எங்கே இருந்தது என்று காட்டச் சொன்னால் இப்போது என்னாலேயே காட்ட முடியாது.

கன்னியம்மா அச்சரப்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். ஐப்பசி மழை பிடித்தால் அவளிடமிருந்து போன் வந்துவிடும். போன வருஷமும் வந்தது. அப்போதுதான் நான் சுவரோரம் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். தண்ணீர் சுவருக்கு அடியில் வழி கண்டுபிடித்து நிலவறைக்குள் இறங்கிவிட்டது. உள்ளே காரை வெளியே எடுக்க ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா, கோடி போச்சா?" என்றாள் கன்னியம்மா.

"போச்சு."

"எதுவரிக்கும் வந்துச்சி?"

"உன் கயினி வரிக்கும்."

"எவ்ளோ நிக்குது?"

"கணுக்கால் அளவு."



"நடவுக்கு அது போதும்" என்றாள்.